ஆயிரம் வேலையில் சேரிக்கு எத்தனை?

2024 ஆகஸ்ட் இறுதியில் முதலமைச்சர் ஸ்டாலின் அமெரிக்கா போயிருந்தபோது, இணையவழிப் பணப்பரிமாற்ற நிறுவனமான பேபால் ஓர் ஒப்பந்தம் போட்டது. சென்னையில் செயற்கை நுண்ணறிவு மையம், 1,000 வேலை. எல்லோரும் கைதட்டினோம். இதே பேபால்தான் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திக்கொண்டது. வாடிக்கையாளராக நாம் வேண்டாம், மூளை மட்டும் வேண்டும். போகட்டும். யாருடைய மூளை?

விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. ஏலத்தோட்டத்தில் களையெடுக்க, காய் பறிக்க நம் தெருப் பெண்கள் அதில் நெருக்கியடித்துப் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று பொறியாளர்கள். போடியிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதில் சேர பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு, பழங்குடிக்கு 1 விழுக்காடு. 2023 முதல் சென்னைக்கு நேரடி ரயிலும் உண்டு. ரயிலை விட்டு இறங்கியதும் இடஒதுக்கீடு முடிந்துவிடுகிறது. தனியார் கம்பெனிகளில் நடப்பது 'ரெஃபரல்'. உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைக் கைகாட்டுவார். ஜீப்பில் போகிற அம்மாவுக்கு அங்கே யாரைத் தெரியும்?

'தகுதி பார்த்துத்தான் எடுக்கிறோம்' என்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

'தனியாரை அரசு எப்படிக் கட்டாயப்படுத்தும்?' என்றும் கேட்பார்கள். 2024 பிப்ரவரி பட்ஜெட்டை எடுத்துப் பாருங்கள். பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே திறக்கும் திறன் மையங்களில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளமுள்ள வேலைகளுக்கு அரசே மானியம் தரும் என்று அறிவித்தார்கள்: முதல் ஆண்டு சம்பளத்தில் 30 விழுக்காடு, அடுத்த ஆண்டு 20, அதற்கடுத்து 10. ஏலக்காய் பறிப்பவர் கடையில் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறார். அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கும்போது நிபந்தனை போட முடியாதா?

அமெரிக்காவில் 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் ஊழியர்களின் இனவாரிக் கணக்கை ஆண்டுதோறும் அரசிடம் கொடுக்க வேண்டும். 1960களிலிருந்து இருக்கும் நடைமுறை. அங்கே நிறத்தை எண்ணிப் பழகியவர்களுக்கு இங்கே சாதியை எண்ணுவது பெரிய காரியமில்லை. நம் அரசு கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மாணவத் தோழர்களே, தொழில்துறைக்கும் 'கைடன்ஸ் தமிழ்நாடு' நிறுவனத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மூன்றே கேள்வி: இந்த ஒப்பந்தங்களில் சமூகநீதி நிபந்தனை ஏதும் உண்டா? சம்பள மானியம் இதுவரை யாருக்கு, எவ்வளவு போனது? அந்த வேலைகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.