நம்பரைப் பார்த்து ஊசி போடுங்க!

எங்க வீட்டுப் பூனைக்கு சர்க்கரை வியாதி. 12 மணி நேரத்துக்கு ஒரு தரம், சாப்பாடு வைத்து இன்சுலின் போடுகிறேன். 'பூனைக்குப் போய் ஊசியா?' என்று சிரிக்காதவர்கள் இல்லை. சிரிக்கட்டும். நான் செய்த தப்பை மற்றவர்கள் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் பூனையின் சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது. கணவருக்கு வாங்கி வைத்திருந்த புது சிரிஞ்சில், வழக்கம் போல 2 கோடு மருந்து ஏற்றிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பூனை தள்ளாடி விழுந்துவிட்டது. பதறிப்போய் ஈறில் தேனைத் தடவிக்கொண்டே கால்நடை டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, பிழைத்தது.

டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. பூனையின் மருந்து மில்லிக்கு 100 யூனிட். கணவரின் சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கு உரியது. 2 யூனிட்டுக்கு பதில் 5 யூனிட் போயிருக்கிறது!

மனுஷருக்கும் இதே கதிதானே? மருந்து பாட்டிலில் இருக்கிற நம்பரும், சிரிஞ்சில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்க. மருந்துக் கடைக்காரர்களும் ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்தால் என்ன? நமக்காவது, 'தலை சுத்துது' என்று சொல்ல வாய் இருக்கு. அந்த வாயில்லா ஜீவன் என்ன செய்யும்?

– ஒரு வாசகி, மதுரை.