வயிற்றுப்பாட்டை மறைக்காதவர்கள்

சுயசரிதை ஒன்றைக் கையில் எடுத்தால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்த மனிதருக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று தேடுவேன். அதைச் சொல்லாமல் நழுவுகிறவர் மற்ற விஷயங்களிலும் நழுவுவார். மாலை, மேடை, தலைவர்களோடு எடுத்த படம் என்று பக்கத்தை நிரப்பிவிட்டு, வீட்டு வாடகை யார் கொடுத்தது என்பதை மட்டும் விட்டுவிடும் புத்தகங்கள் தமிழில் கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன. ஓய்வுபெற்ற அதிகாரிகள் இதில் கெட்டிக்காரர்கள்.

இந்தக் கணக்கில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’தான் எனக்கு இன்றும் முதல் புத்தகம். ஏட்டுச்சுவடி தேடிய தாத்தா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்ததாலோ என்னவோ, பலர் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். தொடக்கத்தில் சுவடியே வராது. ஒரு சங்கீத வித்துவான் பெண்டாட்டி பிள்ளையோடு ஊர் ஊராகப் பிழைப்புத் தேடிப் போகிறார். அரியலூர், குன்னம், கார்குடி என்று போன இடத்திலெல்லாம் ஊரார் தரும் தானியத்தில் அடுப்பு எரிகிறது. பிள்ளையோ, இந்த ஊரில் தமிழ் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று அலைகிறான்.

மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததும் புத்தகத்தின் நாயகரே மாறிவிடுகிறார். பிள்ளையவர்கள் வாயிலிருந்து செய்யுள் மளமளவென்று வரும். மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். அப்பேர்ப்பட்டவருக்குக் கையில் காசு தங்காது. அதே ஊரில் ‘நந்தன் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். சாமிநாதன் அவரிடம் பாட்டுக் கற்கப் போகிறான். தமிழ் ஆசிரியருக்கு அது உவப்பில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடுகிறான். அப்பா சங்கீத வித்துவான்! ஐயர் இதை அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் என்பதால் உரக்க வாசிக்கத் தோதான புத்தகம் இது. கண் மங்கிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டுங்கள். 1942 ஏப்ரலில் ஐயர் காலமானபோது கதை பத்தொன்பதாம் நூற்றாண்டைக்கூடத் தாண்டவில்லை. மிச்சம் தெரிய வேண்டுமென்றால் அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ இருக்கிறது.

காதால் கேட்க வேண்டிய இன்னொன்று பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வந்தது. ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருப்பதால், கண்ணுக்குத் தடுக்குகிற இடம்கூட வாய்விட்டுப் படித்தால் தானாக வழிவிடும். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, சிறுமி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஏன் அப்படித் தூக்கினார் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்றுபோகிறது. பாட்டி வேலை செய்த வீட்டில் மிச்சச் சோற்றை எப்படிப் போட்டார்கள், அவர் அதை எப்படி வாங்கினார் என்றும் ஓர் இடம் வரும். சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படிக்காதீர்கள்.

நாடகம் பிடித்தவர்களுக்கு அவ்வை தி.க.சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியில் பிள்ளைகள் எங்கே படுத்தார்கள், வசூல் இல்லாத ஊரில் என்ன பட்டார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்ததை, அந்த அபிமன்யுவாக நடித்த பையனே சொல்கிறார். நடுவில் ஊர்ப்பெயர்கள் வரிசைகட்டும். அங்கே வேகமாகப் புரட்டினால் குற்றமில்லை.

கே.ஏ.குணசேகரனின் ‘வடு’, ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’ இரண்டும் ஒரு பயணத்தில் முடியும். ‘லாக்கப்’பை வைத்து எடுத்த ‘விசாரணை’ படம் பார்த்தவர்கள் அந்தப் புத்தகத்தை அவசியம் படியுங்கள். படத்தின் இரண்டாம் பாதி இதில் கிடையாது; குண்டூர்க் காவல் நிலையத்தின் அடி உண்டு.

கண்ணதாசனின் ‘வனவாசம்’ பற்றி நண்பர்களோடு எனக்கு ஓயாத சண்டை. அதில் வரும் தி.மு.க. பக்கங்கள் கட்சியை விட்டு வெளியே வந்தவரின் கோபத்தில் எழுதியவை. எதிர்த்தரப்பையும் கேட்காமல் அப்படியே நம்பக் கூடாது. ஆனால் தன்னுடைய கடனையும் சபலத்தையும் எழுதும்போது அவர் எந்த வக்கீலையும் கூட்டி வருவதில்லை. அந்தப் பக்கங்களுக்காகவே வாங்கலாம்.