“நான் என்ன தவறு செய்தேன்?”

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் பெண்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் மருந்தைப் பற்றியதன்று. “நான் என்ன தவறு செய்தேன்?” என்பதே அது. நான்கு பிள்ளைகளைப் பாலூட்டி வளர்த்து, நாளெல்லாம் தறிக்குப் பட்டுநூல் சுற்றிய ஒரு தாய் இவ்வாறு கேட்கும்போது, உடன் வந்த உறவினர் சிலர் அவருடைய உணவையும் பழக்கங்களையும் குறைகூறத் தொடங்கிவிடுகின்றனர். ஆராய்ச்சிகளே அப்படித்தான் சொல்கின்றன என்பது அவர்கள் வாதம்.

ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வு, 1,21,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வாழ்க்கைமுறையும் உடல்நலமும் குறித்துக் கேட்டுப் பதிந்து வந்தது. பின்னர் 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் விவரங்களைத் திரட்டி, 2002இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. பாலூட்டிய ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்திற்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 விழுக்காடு குறைகிறது என்றது அக்கணக்கு. அதாவது, நூறு பேருக்கு நோய் வரக்கூடிய இடத்தில், ஓராண்டு பாலூட்டியிருந்தால் ஏறத்தாழ 96 பேருக்கு வரும். அந்த 96 பேரும் பாலூட்டிய தாய்மார்களே! அவர்களுள் ஒருவரிடம் எந்தக் குற்றத்தைக் காண்பது?

நம் பக்கத்திலும் சான்று உண்டு. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் பல்லாண்டுகளாகப் பேணிவரும் பதிவேட்டின்படி, கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் பெருகியிருக்கிறது. பிந்திய மகப்பேறு, குறைந்த பிள்ளைகள், கூடிய உடல் எடை முதலியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவை ஒரு சமுதாயமே மாறியதன் அடையாளங்கள். தனியொருத்தி செய்த பிழைகள் அல்ல. (புகையிலையை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாயில்லை. வெற்றிலையோடு அதை மெல்லும் வழக்கத்தை நோய் வந்த பின்னரும் நிறுத்துவதே நன்று.)

இத்தகைய ஆய்வுகளின் பயன் நடந்ததற்குப் பழி சுமத்துவதில் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கருப்பைவாயைப் பரிசோதித்தனர். ஒரே முறை செய்த எளிய சோதனை அது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு, அழைக்கப்படாத ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் முடிவு வெளியாயிற்று.

ஆகவே, நோயுற்ற மாமியாருக்கோ தாய்க்கோ துணையாக வந்து, நாள் முழுதும் காத்திருக்கும் முப்பது வயது கடந்த மருமகளும் மகளும் தமக்கும் அச்சோதனை தேவையா என்று வீடு திரும்புமுன் செவிலியரிடம் கேட்டறிய வேண்டும்.