காசு வாங்காத வக்கீல்

வேளாங்கண்ணியிலிருந்து நாகைக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் மகனை போலீஸ் அழைத்துப் போன மறுநாள் காலையில் நீதிமன்ற வளாகத்துக்கு வந்து நிற்கும் ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு அது வேறு தேசம். எந்த நீதிமன்றம், எத்தனை மணிக்கு ஆஜர்படுத்துவார்கள், யாரைக் கேட்பது, எதுவும் தெரியாது. அப்படி நின்ற ஒரு அம்மாவிடம், அரசாங்கமே இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் என்று சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, காசு வாங்காத வக்கீலு நமக்காக வாயத் தொறப்பாரா?" என்று கேட்டார். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்த பணத்தை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தார்.

அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அதற்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. இலவச வக்கீல் என்று ஒருவர் பெயர் ஏட்டில் எழுதப்படும். வாய்தா அன்று அவர் தன் சொந்தக் கட்சிக்காரருக்காக வேறு நீதிமன்றத்தில் நிற்பார். ஒரு வழக்குக்கு அவருக்குக் கிடைக்கும் தொகை கேஸ் கட்டை நகல் எடுக்கவும் பேருந்துக்கும் சரியாகிவிடும். அதுவும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். மனிதர் கெட்டவர் இல்லை, ஏற்பாடு அப்படி.

அந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் அனோகிலால் வழக்கைச் சொல்லலாம். 2013-ல் ஒரு சிறுமியின் கொலை வழக்கில் கைதான பழங்குடி இளைஞர் அவர். குற்றச்சாட்டு வனையப்பட்ட அன்றைக்கே அவருக்கு நீதிமன்றம் ஒரு வக்கீலை நியமித்தது. அந்த வக்கீல் ஆவணங்களைப் படித்தாரா, கட்சிக்காரரிடம் பேசினாரா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் மரண தண்டனை வந்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராவதற்கு ஏழு நாளாவது தர வேண்டும் என்று சொன்னது. மறு விசாரணைகள் நடந்து 2024-ல் அவர் விடுதலையானார். அதற்குள் 11 ஆண்டுகள் போய்விட்டன.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. அரசமைப்பின் 39அ பிரிவு, 1979-ன் ஹுசைனாரா காத்தூன் தீர்ப்பு, 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. 1980-ல் பீகாரின் பாகல்பூரில் கைதிகளின் கண்ணைப் பறித்த வழக்கில், உனக்கு இலவச வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று ரிமாண்ட் செய்யும் நடுவரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்டால்தான் தருவோம் என்பது செல்லாது. 1986-ல் அருணாசலப் பிரதேச வழக்கு ஒன்றில், அப்படிச் சொல்லாமல் விசாரணை நடந்தது என்பதற்காகவே தண்டனையை ரத்து செய்தது.

நம் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த எவருக்கும் வருமான வரம்பு இல்லாமல் சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் வாசலில் காத்திருக்க வேண்டாம், சாதிச் சான்று போதும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் உண்டு.

2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. மாவட்டத் தலைநகரில் தனி அலுவலகம் இருக்கும். தலைமை, துணை, உதவி என்று மூன்று நிலைகளில் முழுநேர எதிர்வாத வக்கீல்கள் இருப்பார்கள். மாதச் சம்பளம் உண்டு, சொந்தக் கேஸ் எடுக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்காக ரிமாண்ட் முதல் மேல்முறையீடு வரை இவர்கள் நிற்க வேண்டும். தலைமை வக்கீலுக்கு 10 ஆண்டு அனுபவம் வேண்டும், துணை வக்கீலுக்கு 7 ஆண்டு. அமெரிக்காவில் 1963-ல் கிடியன் என்ற ஏழைக் கைதி சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவுக்குக் கிடைத்த தீர்ப்பிலிருந்து அங்கே வளர்ந்த முறைக்கு இது சொந்தம். திருப்பி நடந்த விசாரணையில், இந்த முறை ஒரு வக்கீல் கூட நிற்க, அந்த கிடியன் விடுதலையானார்.

ஏற்பாடு நல்லது. அதை ஒப்புக்கொண்டுதான் குறைகளைப் பேசுகிறோம்.

ஒரு வழக்கில் அரசுத் தரப்பு பக்கம் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காவல் நிலையம், விசாரணை அதிகாரி, தடய அறிவியல் கூடம், அரசு மருத்துவர், அரசு வழக்கறிஞர், சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கக் காவலர், எல்லாவற்றுக்கும் ஜீப். எதிர்வாத அலுவலகத்தில் வக்கீல்கள், எழுத்தர், கணினியில் பதிவு செய்பவர், ஏவலர். நடந்ததை நேரில் போய் விசாரிக்க என்று அங்கே தனிப் பணியிடம் கிடையாது.

இது டெல்டாவில் என்ன செய்யும்? இரவு எட்டு மணிக்கு வாய்க்கால் மதகடியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் மூன்று பேரைப் பார்த்தேன் என்று ஒரு சாட்சி சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். அந்த மதகடியில் விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு எரிந்து ஒரு வருஷம் ஆகிறது. காலனிக்காரர் எல்லோருக்கும் தெரியும். நாகையில் உட்கார்ந்து கேஸ் கட்டைப் படிக்கும் வக்கீலுக்குத் தெரியாது. போய்ப் பார்த்து, பேரூராட்சியில் எழுத்து வாங்கி, குறுக்கு விசாரணையில் அதை வைத்தால் வழக்கின் போக்கே மாறும். யார் போவது? சாகுபடிக் காலத்தில் தண்ணீர் முறைக்காக, வரப்புக்காக, கூலிக்காக வரும் தகராறுகள் எல்லாமே இப்படிப்பட்டவை. எந்த மதகு, எந்தக் கரை, எந்தப் பக்கம் பாதை என்பதில்தான் உண்மை கிடக்கும்.

அடுத்தது வேலை நிரந்தரம். இந்த வக்கீல்கள் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறார்கள். ஒன்றிய அரசு இந்தத் திட்டத்துக்கு 2023-24 முதல் 2025-26 வரை மூன்று ஆண்டுகளுக்கு 998.43 கோடி ரூபாய் என்று ஒதுக்கியது. கொலை வழக்கு ஒன்று அமர்வு நீதிமன்றத்தில் முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்று நமக்குத் தெரியும். பாதி விசாரணையில் ஒப்பந்தம் முடிந்து வக்கீல் போய்விட்டால், புதிதாக வருபவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அரசு வழக்கறிஞரும் மாறுகிறாரே என்பார்கள். அவர் மாறினாலும் காவல் நிலையம் அங்கேயேதான் இருக்கிறது.

நாட்டில் சட்ட உதவிக்கு ஆகும் செலவு தலைக்கு ஆண்டுக்கு ஆறு ரூபாய்ச் சொச்சம் என்று 2025-ன் இந்திய நீதி அறிக்கை கணக்குக் காட்டியது. நாகைப் பேருந்து நிலையத்தில் ஒரு டீ அதைவிட அதிகம். இங்கிலாந்தில் 2022-ல் சட்ட உதவிக் கட்டணம் போதவில்லை என்று குற்றவியல் வக்கீல்கள் வேலைநிறுத்தமே செய்து 15 விழுக்காடு உயர்வு பெற்றார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பேச்சே எழவில்லை. குற்றவாளிக்கு வக்கீல் எதற்கு என்று கேட்பவர்கள்தான் அதிகம். இன்னும் குற்றவாளி ஆகவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர்தான் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022-ன் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். பிரிக்கப்படாத நாகை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் நம் மக்கள் நூற்றுக்கு முப்பத்தொன்றுக்கும் மேல். கடைசித் தெருவின் கதை என்று யாரும் இதை ஒதுக்க முடியாது.

ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளேயே கிடப்பவர்களின் கதை இதைவிடக் கசப்பானது. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிடும், இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்று சொல்லும். சொத்து காட்டு என்றால், கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்? சொந்தக்காரர்கள் எல்லோரும் அதே தெரு, அதே நிலைமை. பட்டா வைத்திருப்பவர் ஊர்த்தெருவில் இருக்கிறார். வழக்கே அவரோடுதான் என்றால் கையெழுத்துக்கு எங்கே போவது? 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்ட வழக்கில் நீதியரசர் கிருஷ்ணய்யர் இதைத்தான் கண்டித்தார். ஏழைக்குக் கட்ட முடியாத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போது சில வழிகள் இருக்கின்றன, பலருக்குத் தெரியவில்லை. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம். ஏழைக் கைதிகளுக்காக ஒன்றிய அரசு 2023-ல் கொண்டுவந்த திட்டத்தில், விசாரணைக் கைதியின் ஜாமீன் தொகைக்கு உதவி உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவுப்படி, முதல் முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரும் குற்றங்களுக்கும் பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதையெல்லாம் சிறையில் இருப்பவர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். எதிர்வாத அலுவலகத்தில் ஒருவர் தேதி பார்த்து மனுப் போட வேண்டும். மகன் திருச்சி மத்திய சிறையில் என்றால், ஒரு முறை பார்த்துவர அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்ப் பேருந்துக் காசும் போகும்.

இனி, நம் தோழர்கள் சிலர் நம்மிடம் கோபமாகக் கேட்கும் கேள்வி. வன்கொடுமை வழக்கில் கைதாகும் ஆதிக்கச் சாதிக்காரனுக்கும் காவலில் இருந்தால் இதே இலவச வக்கீல்தானே, நமக்கு எதிராக அரசாங்கமே வக்கீல் வைக்கிறதா என்கிறார்கள். ஆம், அவனுக்கும் உண்டு. அது சரிதான் என்பது நம் கருத்து. நம்மைச் சேர்ந்தவர் யாராவது ஒரு வன்கொடுமைப் புகார் கொடுத்தால், மறுநாளே அவர்மீது எதிர்வழக்கு வருகிறது. வழிமறித்தான், கல்லெறிந்தான், பெண்ணைத் திட்டினான் என்று. புகார்தாரரே எதிரியாகி ரிமாண்டுக்குப் போகிறார். அந்த எதிர்வழக்கில் அவருக்குக் கவசம் இந்த உரிமைதான். எதிரிக்கு வேண்டாம் என்று சட்டத்தில் ஓட்டை போட்டால் அந்த ஓட்டை வழியே முதலில் விழப்போவது நாம்.

புகார்தாரராக நிற்கும்போது இந்த அலுவலகம் நமக்கு வாதாடாது, அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும். பாதிக்கப்பட்டவருக்கு வேறு வழி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 4(5)-ஆம் விதிப்படி, தகுந்த மூத்த வக்கீலைச் சிறப்பு வழக்கறிஞராக வைக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். சட்ட உதவியும் கேட்கலாம். இரண்டு வழக்கும் ஒரே சம்பவத்திலிருந்து வரும்போது இரண்டு கதவையும் தனித்தனியே தட்ட வேண்டும்.

வக்கீல் பலம் என்ன செய்யும் என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நாகை அமர்வு நீதிமன்றம் 1970-ல் நிலக்கிழார்களுக்கு 10 ஆண்டு சிறை கொடுத்தது. உயர் நீதிமன்றத்தில் அவர்கள் விடுதலையானார்கள். காரும் நிலமும் வைத்திருப்பவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. அதே இரவையொட்டி நிலக்கிழார்களின் ஆள் ஒருவர் இறந்த வழக்கில் கூலித் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். கூலிக்காரர் குற்றம் செய்திருப்பார் என்பதை நம்புவதற்கு மட்டும் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

டெல்டாவிலிருந்து சட்டம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. விடுமுறையில் ஒரு மாதம் இந்த அலுவலகத்தில் பயிற்சிக்குக் கேட்டுப் பாருங்கள். மதகடியில் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பார்த்து வர உங்களைவிடத் தோதான ஆள் அவர்களுக்குக் கிடைக்காது. படித்து முடித்தவர்களுக்கு உதவி வக்கீல் பதவிக்கு நீண்ட அனுபவம் தேவையில்லை.

அந்த அம்மாவை அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். ஒரு இளம் வக்கீல் முதல் தகவல் அறிக்கையின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, பையன் எப்போது வீட்டிலிருந்து போனான் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தேதி, நேரம் எல்லாம் எழுதிய பிறகு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். வேண்டாம் என்றார் வக்கீல். வெளியே வந்தும் அம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்ப அடுத்த வாய்தாவுக்கும் இவருதான் வருவாரா?" என்று கேட்டார். நம்மால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டில் ஒருவரை அழைத்துப் போனால் உடனே 15100 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை கைதானவருக்கு உண்டு. 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும், அங்கே வாய் திறந்து வக்கீல் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். இலவச சட்ட உதவி அலுவலகத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகையைக் காவல் நிலையம், அஞ்சலகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் வைக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வேளாங்கண்ணி, கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம் பக்கம் உள்ள வாசகர்கள், உங்கள் ஊரில் அந்தப் பலகை எங்கெங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்த்து நமக்கு எழுதுங்கள். தமிழில் இருக்கிறதா என்பதையும் சேர்த்து.