காருக்கு இன்ஷூரன்ஸா? கடனுக்கு அபராதமா?

அமெரிக்காவில் ஒரு மெக்கானிக்கோ, ஓர் ஆஸ்பத்திரி ஆயாவோ தம்முடைய காருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனால் கம்பெனிக்காரன் என்ன கேட்பான்? எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள், விபத்து ஏதாவது உண்டா, போலீஸ் கேஸ் உண்டா என்று கேட்பான். கேட்கட்டும். கார் இன்ஷூரன்ஸுக்கும் கார் ஓட்டுவதற்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அவன் அத்தோடு விடுவதில்லை. அந்த ஆள் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எந்த மாதம் தவணை தவறினார் என்ற கணக்கையும் வரவழைத்துப் பார்க்கிறான். தவணை தவறியிருந்தால் பிரிமியம் ஏறிவிடும். ஆயுளில் ஒரு நாள்கூட யார் மீதும் மோதாதவராக இருந்தாலும் சரி, ஏறத்தான் செய்யும்!

"கார் வைத்திருப்பவனுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்த நாட்டு நிலைமை வேறு. பெருநகரங்கள் சிலவற்றை விட்டால் அங்கே பஸ் வசதி மிகக் குறைவு. ஆலை ஒரு மூலையில், வீடு இன்னொரு மூலையில். கார் இல்லாவிட்டால் பலருக்கு வேலையே இல்லை. நம் ஊரில் ஷிப்டுக்குப் போக சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் எப்படியோ, அப்படித்தான் அங்கே ஒரு பழைய கார். இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதை ரோட்டில் எடுக்கவும் முடியாது. மாசசூசெட்ஸ் மாகாணம் 1927லேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது. இன்று நியூ ஹாம்ப்ஷயர் போன்ற அபூர்வ விலக்குகளைத் தவிர நாடெங்கும் கட்டாயம்தான். காரைக் கடனில் வாங்கியிருந்தாலோ, கடன் கொடுத்தவன் சட்டம் கேட்பதற்கு மேலும் கூடுதல் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறான். ஆக, இது வாங்கியே தீர வேண்டிய சரக்கு. அதற்கு விலை வைப்பதோ லாபத்துக்காக நடக்கும் தனியார் கம்பெனி.

சரி, அந்தக் கடன் கணக்கு எங்கே இருக்கிறது? நம் மளிகைக்கடைக்காரரிடம் பற்று நோட்டு இருக்கிறது. அதில் நம் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. அதை அவர் பார்ப்பார், நாம் பார்ப்போம். அடுத்த தெருக்காரனுக்கு அதைக் காட்டமாட்டார். அமெரிக்காவில் நாட்டு மக்கள் அநேகமாக அனைவரின் பற்று நோட்டையும் ஈக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கம்பெனிகள் வைத்திருக்கின்றன. கேட்கும் வியாபாரிக்கு விற்கின்றன. இவற்றில் ஈக்விபாக்ஸின் பூர்வீகம் விசேஷமானது. 1899இல் அட்லாண்டா நகரில் வேறு பெயரில் தொடங்கிய இந்தக் கம்பெனி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக வீடு வீடாக ஆள் அனுப்பி, இன்னார் குடிப்பாரா, குடும்ப நடத்தை எப்படி என்று அக்கம்பக்கத்தில் துப்பு விசாரித்து விற்றுக்கொண்டிருந்தது. இந்த அட்டகாசம் பொறுக்கமுடியாமல் போய் 1970இல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. ஆனால் அந்தச் சட்டமே, இன்ஷூரன்ஸுக்காகக் கடன் விவரம் கேட்டால் கொடுக்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. 1990களில் அந்த வாசல் வழியாகக் கம்பெனிகள் கூட்டமாக உள்ளே நுழைந்தன. கடன் விவரங்களைப் போட்டுக் கலக்கி, ஆளுக்கொரு மார்க் போட்டுத் தரும் வித்தையை பேர் ஐசக் என்ற கம்பெனி அவர்களுக்குச் செய்து கொடுத்தது. தவணையை நாள் தவறாமல் கட்டினாரா என்பதற்குத்தான் அந்த மார்க்கில் பெரும் பங்கு. எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பது அதற்கு அடுத்தது.

இதன் விளைவு எங்கே போய் முடிந்தது தெரியுமா? கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் பத்திரிகை 2015இல் கம்பெனிகளின் கட்டண விவரங்களைக் கோடிக்கணக்கில் திரட்டி ஆராய்ந்தது. புளோரிடா மாகாணத்தில் கண்ட கணக்கு இது: விபத்து, வழக்கு எதுவும் இல்லாமல் ஒழுங்காக ஓட்டும் ஒருவர், ஆனால் கடன் மார்க் மோசம். குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்ற இன்னொருவர். ஆனால் கடன் மார்க் உயர்வு. இருவரில் அதிகம் கட்ட வேண்டியவர் யார்? ஒழுங்காக ஓட்டியவர்தான்! வருஷத்துக்குச் சராசரியாக 1,552 டாலர் அதிகம். குடிபோதையில் ஸ்டீரிங் பிடிப்பதைவிட, கையில் காசில்லாமல் ஸ்டீரிங் பிடிப்பதே பெரிய குற்றம் என்று கம்பெனி தீர்ப்புச் சொல்கிறது. எந்தக் கோர்ட்டிலும் இப்படி ஒரு தீர்ப்பு வராது.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் கம்பெனிகளிடம் பதில் தயாராக இருக்கிறது. "மார்க் குறைந்தவர்களிடமிருந்து எங்களுக்கு நஷ்டஈட்டுக் கோரிக்கை அதிகம் வருகிறது. கணக்கு சொல்கிறது, நாங்கள் செய்கிறோம்" என்கிறார்கள். இதை வெறும் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் 2007இல் இதை ஆராய்ந்து, கணக்கு சரிதான் என்றே அறிக்கை கொடுத்தது. கணக்கு சரியாக இருப்பதால்தான் இது ஆபத்தான ஆயுதமாகிறது. அந்தத் தொடர்பு ஏன் இருக்கிறது என்பதை மட்டும் அதே அறிக்கையால் சொல்ல முடியவில்லை.

கம்பெனிகளின் ஆட்கள் அதற்கும் வியாக்கியானம் செய்கிறார்கள். பண விஷயத்தில் பொறுப்பில்லாதவன் காரையும் பொறுப்பில்லாமல்தான் ஓட்டுவானாம்! ஏழை ஏழையாக இருப்பது அவனுடைய குணக்கேட்டினால் என்ற பழைய பாட்டுதான் இது. வேறு காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ஒரு பணக்காரரின் கார் தூணில் இடித்துச் சிறிது நசுங்குகிறது. அவர் பையிலிருந்து பணத்தை எடுத்துச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவார். கோரிக்கை அனுப்பினால் அடுத்த வருஷம் பிரிமியம் ஏறும் என்று அவருக்குத் தெரியும். அதே இடி தொழிலாளியின் காருக்கு விழுந்தால் அவன் கம்பெனியிடம் போகாமல் என்ன செய்வான்? தவிர, தேய்ந்த டயரை மாற்ற அடுத்த சம்பளம் வரை காத்திருப்பவன் யார்? ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு வெகுதூரம் ஓட்டுகிறவன் யார்? இவை எல்லாம் வறுமையின் விளைவுகள். மார்க் அளப்பது வறுமையை. கம்பெனி அதற்கு வைத்திருக்கும் பெயர் "ஆபத்து".

"நாங்கள் யாருடைய வருமானத்தையும் பார்ப்பதே இல்லையே!" என்று கம்பெனிகள் சத்தியம் செய்கின்றன. உண்மைதான், கடன் அறிக்கையில் சம்பளம் எழுதப்படுவதில்லை. ஆனால் தவணை எப்போது தவறுகிறது? ஆட்குறைப்பு வந்தால் தவறுகிறது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் தவறுகிறது. அமெரிக்க மக்களின் கடன் அறிக்கைகளில் ஏறியிருந்த ஆஸ்பத்திரிக் கடன் பாக்கி மட்டும் 8,800 கோடி டாலர் என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2022இல் சொன்னது. அடுத்த வருஷம் 500 டாலருக்குக் குறைந்த வைத்தியக் கடன்களைக் கம்பெனிகள் நீக்கின. முழுவதையும் நீக்க 2025 ஜனவரியில் ஓர் உத்தரவு போடப்பட்டது; அதே ஜூலையில் டெக்ஸாஸில் ஒரு கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

வேலைநிறுத்தம் செய்தாலும் தவணை தவறும். 2023இல் அமெரிக்கக் கார் தொழிலாளர்கள் போர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய மூன்று கம்பெனிகளையும் எதிர்த்து ஏறக்குறைய ஆறு வாரம் போராடினார்கள். சங்கம் கொடுத்த வேலைநிறுத்த உதவி வாரத்துக்கு 500 டாலர். அதை வைத்து வாடகை கொடுப்பதா, தவணை கட்டுவதா? ஒரு தவணை ஒரு மாதம் பிந்தினாலே அது ஏழு வருஷம் வரை அறிக்கையில் நிற்கலாம். காரைச் செய்யும் தொழிலாளி, கூலி உயர்வு கேட்டுப் போராடியதற்காகத் தன் காரின் இன்ஷூரன்ஸில் வருஷக்கணக்காகத் தண்டம் கட்ட நேரலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள்.

கறுப்பின மக்கள் நிலை இன்னும் மோசம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒருவரின் நிறத்தைக் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. கறுப்பின மக்கள் வாழும் பேட்டைகளுக்கு வீட்டுக் கடன் கொடுக்காமல் பாங்குகள் பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்திருந்த நாடு அது. அந்த அநியாயத்தின் சுவடு கடன் மார்க்கில் அப்படியே இருக்கிறது. மார்க் குறைந்தவர்களில் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சத்தினரும் தம் எண்ணிக்கைக்கு மீறி இருப்பதாக 2007 அறிக்கையே ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் அந்த நோட்டு பிழையில்லாத நோட்டும் அல்ல. ஐந்தில் ஒருவரின் அறிக்கை ஏதாவது ஒன்றிலாவது தவறு இருந்ததாக அதே கமிஷன் 2012இல் கண்டறிந்தது.

நம் ஆலைப் பகுதிகளில் ஒரு தொழிலாளி இறந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்துக் குடும்பத்துக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டு. இறந்தவர் மளிகைக்கடையில் பாக்கி வைத்திருந்தாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒருவனுக்கு வரும் நஷ்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதுதான் இன்ஷூரன்ஸ் என்பதன் ஆதாரம். கம்பெனிகளோ, எல்லோரையும் சேர்த்துச் சுமையைக் குறைப்பதில் லாபம் காண்பதில்லை. நல்ல ஆள், கெட்ட ஆள் என்று பொறுக்கிப் பிரிப்பதிலேயே லாபம் காண்கின்றன. ஒருவன் எப்படி ஓட்டுகிறான் என்று கவனிக்க நாளும் செலவும் ஆகும். கடன் மார்க்கை வாங்கச் சில்லறைச் செலவு, ஒரு நொடி வேலை. போட்டிக் கம்பெனி வாங்கும்போது தான் வாங்காவிட்டால், செலவு குறைந்த வாடிக்கையாளர்களை அது கொண்டுபோய்விடும் என்ற பயம் வேறு. ஆகவே எல்லோரும் வாங்குகிறார்கள்.

இது இல்லாவிட்டால் தொழிலே நடக்காது என்பது மட்டும் சுத்தப் புளுகு. கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகிய மூன்று மாகாணங்களில் கார் இன்ஷூரன்ஸுக்குக் கடன் மார்க்கைப் பார்க்கக் கூடாது. கலிபோர்னியாவில் இதற்கு அடிப்படை 1988இல் மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம். ஓட்டுநரின் நடத்தை, ஓட்டும் தூரம், அனுபவம் இவற்றுக்கே முதலிடம் என்றது அது. கம்பெனிகள் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டி எதிர்த்தும் மக்கள் ஜெயித்தார்கள். அங்கே கார் இன்ஷூரன்ஸ் இன்றும் விற்கிறது. மற்ற இடங்களில் வேறு கதை. வாஷிங்டன் மாகாணத்தில் இன்ஷூரன்ஸ் கமிஷனர் மைக் கிரைட்லர் 2021இல் தடை போட்டார். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2022இல் கோர்ட் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. கார்த் தொழிலின் தாயகமான மிச்சிகனில் 2019 சட்டம் "கடன் மார்க்" கூடாது என்றது. ஆனால் கடன் விவரத்திலிருந்து எடுக்கும் "இன்ஷூரன்ஸ் மார்க்" கூடும் என்று விட்டுவிட்டது. பெயர் போயிற்று, ஆள் இருக்கிறான்!

மேலே சொன்ன டிரான்ஸ்யூனியன் கம்பெனி நமக்கு அந்நியமல்ல. பாங்குக் கடன் கேட்டுப் போகிறவர்களிடம் "சிபில் ஸ்கோர்" என்று சொல்கிறார்களே, அந்த சிபில் இன்று டிரான்ஸ்யூனியனுக்குச் சொந்தம். மைக்ரோ பைனான்ஸில் கடன் வாங்கிய விவசாயக் கூலிப் பெண்ணின் தவணையும் இத்தகைய நோட்டுகளில் ஏறுகிறது. 1973 முதல் பொதுத்துறையில் மட்டும் இருந்த பொது இன்ஷூரன்ஸில் 2000 முதல் தனியார் கம்பெனிகள் புகுந்தன. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை 2007இல் கம்பெனிகளிடம் போயிற்று. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸின் கட்டணத்தை மட்டும் இன்றும் சர்க்கார்தான் அறிவிக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு இஞ்சின் அளவைப் பார்க்கிறார்கள். ஓட்டுகிறவனின் பற்று நோட்டைப் பார்ப்பதில்லை. அதையும் கம்பெனிகள் கையில் விடலாம் என்ற பேச்சு எழும்போது, எதை எதைப் பார்த்துக் கட்டணம் போடப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கத் தொழிற்சங்கங்கள் தயாராக இருக்க வேண்டும்.