தண்டம் கட்டியாச்சு, கணக்கு முடிஞ்சுதா?

கல்முனைப் பக்கமிருந்து வாற பைக்காரர் பட்டப்பகலில் லைட்டைச் சிமிட்டினால் ஆரையம்பதியில் அதுக்கு ஒரே அர்த்தம்தான்: முன்னால ட்ராபிக் நிக்குது. முழங்கையில் தொங்கின ஹெல்மெட் உடனே தலைக்கு ஏறும். அனுமதிப்பத்திரம் எடுக்காத பொடியன் கடற்கரைப் பக்க ஒழுங்கைக்குள்ள கிறுகிருவான். முன்பின் தெரியாத ஆக்களும் ஒருத்தருக்கொருத்தர் இந்த உதவியைச் செய்வினம். வேற எந்த விசயத்திலயும் எங்களுக்குள்ள இப்படி ஒற்றுமை கிடையாது!

பயப்பிடுறது விபத்துக்கு இல்லை, தண்டத்துக்கு. தண்டத்தைக் கட்டினால் விசயம் முடிஞ்சுது. அதே ஆள் மறுகாவும் அதே வேகத்தில் போகலாம், மறுகாவும் கட்டலாம். பத்தாவது தடவை பிடிபடுறவருக்கும் முதல் தடவை பிடிபடுறவருக்கும் தண்டத் துண்டு ஒண்டுதான். எங்களுக்கு இதுதான் பிழையாப் படுது.

நடைமுறை எல்லாருக்கும் தெரியும். பொலிஸ் அனுமதிப்பத்திரத்தை வாங்கி வச்சுக்கொண்டு துண்டு எழுதித் தரும். 14 நாளைக்கு அந்தத் துண்டுதான் அனுமதிப்பத்திரம். அதுக்குள்ள தபாற்கந்தோரில் காசு கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி மீட்க வேணும். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். வாழைச்சேனையில் பிடிபட்ட ஆரையம்பதிக்காரர் திரும்பவும் வாழைச்சேனைக்குப் போகவேணும். கூலிக்குப் போறவருக்குத் தண்டக் காசோட ஒரு நாள் உழைப்பும் போகும். ஏசி வாகனத்தில் போறவருக்கு அது ஒரு சாப்பாட்டுக் காசு. 2025இல் கவ்பே வழியாத் தண்டம் கட்டுற முறை தொடங்கினது அலைச்சலைக் குறைக்கும், நல்ல விசயம். ஆனால் போனில் ரெண்டு தட்டில் கட்டின காசை மறக்கிறதும் லேசு.

புள்ளி முறை எண்டால் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே கணக்கு. இலங்கையில் இது புதுக்கதையும் இல்லை. 2009இல் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தினபோதே சேர்த்தாச்சு: குற்றத்துக்கேற்ப புள்ளி, 24 சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தம். அதுக்குப் பிறகு எத்தனை அமைச்சர்கள் "இந்தா வருது" எண்டு அறிவிச்சினம் எண்டு எண்ணவே ஏலாது. பிரித்தானியாவில் மூண்டு வருசத்துக்குள்ள 12 புள்ளி சேர்ந்தால் வாகனம் ஓட்டத் தடை வரும். கனடா ஒன்ராறியோவில் ஒரு சின்ன வேகக் குற்றம் பதிவானாலே காப்புறுதிக் கட்டணம் ஏறலாம். அங்க இருக்கிற மாமாமார் ஊருக்கு வந்தாலும் சீற் பெல்ட்டைத் தேடுறது அந்தப் பழக்கத்திலதான்.

எதிர்ப்பும் இருக்கு, அதில் நியாயமும் இருக்கு. ஆட்டோ ஓட்டுற அண்ணாமார் விடிஞ்சால் பொழுதுபட்டால் வீதியிலதான். ஒரே கவனத்தோட ஓடினாலும் வாரத்தில் ஒருநாள் பைக் எடுக்கிறவரை விட அவர் பிடிபட வாய்ப்புக் கூட. அவருக்கு அனுமதிப்பத்திரம் போனால் அடுப்பும் அணையும். அதனால, குற்றமில்லாமல் ஓடின காலத்துக்குப் புள்ளி கழியவேணும். எத்தனை புள்ளி இருக்கு எண்டு சாரதி தானே பாக்கவும் வழி வேணும்.

அதை விடப் பெரிய பயம் லஞ்சம். "பாத்துச் செய்யுங்க சேர்" எண்டதுக்கு இப்ப ஒரு விலை இருக்கு. புள்ளி வந்தால் அந்த விலை ஏறும். வீதியில் நிண்டே பதிவு ஏறி, அந்த நேரமே சாரதியின்ர போனுக்குச் செய்தி வந்தால்தான் பேரம் பேச இடமிருக்காது. இந்த ஏற்பாடு இல்லாமல் புள்ளியை மட்டும் கொண்டுவந்தால் நாங்களும் எதிர்ப்பம்.

ஒழுங்கைக்குள்ள கிறுகின பொடியனை எந்தப் புள்ளியும் பிடிக்காது. அனுமதிப்பத்திரமே இல்லாதவனுக்கு எதில் பதியிறது? அவனை வீட்டுக்காரர்தான் பாக்கவேணும். சாவியைக் குடுக்கிறதும் அவைதானே.

எங்கட வயசுக்காரர் இப்பதான் அனுமதிப்பத்திரம் எடுக்கினம். பிரித்தானியாவில் புதுசா எடுத்தவருக்கு முதல் ரெண்டு வருசத்தில் 6 புள்ளியே எல்லை. அந்த மாதிரி விதி இங்க வந்தால் முதல் மாட்டுறது நாங்கள்தான். அப்படியும் வரட்டும் எண்டுதான் சொல்றம். என்ன குற்றம், எத்தனை புள்ளி எண்டு எழுதுற துண்டு மட்டும் எங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்ச தமிழில் இருக்கவேணும்.