குத்தின் பலம் கையில் இல்லை

குத்துச்சண்டைக்காரன் ஒருவனைக் காட்டினால் நம்மவர்கள் முதலில் பார்ப்பது அவனுடைய புஜத்தைத்தான். அது உருண்டு திரண்டிருந்தால், "இவன் ஒரு குத்து விட்டால் ஆள் காலி" என்று தீர்ப்பும் வழங்கிவிடுவார்கள். தம்பானூர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் இந்தத் தீர்ப்பை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். 2021-ம் ஆண்டில் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் அதிகம். வடசென்னையிலே சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக மோதிக்கொண்ட கதை நம் இளைஞர்களுக்குத் தெரிய வந்தது நல்ல விஷயமே. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் நேரே போனது ஜிம்முக்கு. அங்கே டம்பெல் தூக்கிப் புஜத்தை வளர்க்கிறார்கள். சாலைக் கடைத்தெருவில் சுமடு எடுக்கும் தகப்பனின் கூலியில் புரதப் பொடி டப்பா வாங்குகிற பையன்களும் உண்டு. இதனால் குத்தின் பலம் கூடுமா என்று கேட்டால், மிகக் கொஞ்சம்தான் கூடும் என்பது என் அபிப்பிராயம். இது என் சொந்தச் சரக்கு அல்ல. விஷயம் தெரிந்தவர்கள் அளந்து பார்த்துச் சொன்னதுதான்.

1985-ம் ஆண்டில் சோவியத் நாட்டு நிபுணர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 120 குத்துச்சண்டை வீரர்களைக் குத்தச் சொல்லி, அந்தக் குத்தின் பலத்தில் எந்த அங்கத்துக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டார்கள். தேர்ந்த வீரர்களிடம் காலின் பங்கு ஏறத்தாழ 38 சதவீதம், இடுப்பும் முதுகும் சேர்ந்த உடம்பின் பங்கு 37, கையின் பங்கு 24 மட்டுமே. கற்றுக்குட்டிகளிடம் இது தலைகீழ். கையின் பங்கு 38, காலின் பங்கோ 17-க்கும் கீழே! டீக்கடைத் தீர்ப்பு எந்த இடத்தில் தவறுகிறது என்பது இதிலே தெரிந்துவிடுகிறது. கையை நம்பிக் குத்துகிறவன் கற்றுக்குட்டி.

நம் ஊர் ஆட்களுக்கு இதை விளக்க ரஷ்யா வரை போக வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். வேட்டியை முறுக்கித் தலைக்கு மேலே சுழற்றிக் கல்லில் அடிக்கும்போது அவருடைய கை எவ்வளவு பருமன்? பலருக்கு விறகுக் குச்சி போலத்தான் இருக்கும். ஆனால் பாதம் ஊன்றியிருக்கும். முட்டி சற்றே மடங்கியிருக்கும். இடுப்பு திரும்பிய பிறகுதான் தோள் வரும், தோளுக்குப் பிறகுதான் கை வரும். அடி விழுகிற நொடியில் "உஸ்" என்று மூச்சை விடுவார். குத்துச்சண்டைக்காரனும் இதே மாதிரிதான் மூச்சு விடுகிறான். அந்த மூச்சோடு வயிறும் விலாவும் ஒரு கணம் இறுகி, காலிலிருந்து வந்த வேகம் நடுவழியில் சிந்தாமல் முஷ்டி வரைக்கும் போய்ச் சேருகிறது. எங்கள் ரயிலடியில் பார்சல் நிறைந்த கைவண்டியை நகர்த்துகிறவரும் கையால் தள்ளுவதில்லை. குதிகாலை உதைத்து உடம்பைச் சாய்க்கிறார், வண்டி தானே கிளம்புகிறது. அமெரிக்காவின் ஜாக் டெம்ப்ஸி 1950-ல் எழுதிய புத்தகத்தில் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான். முன்காலைத் தூக்கி உடம்பை முன்னால் விழ விடு, அந்த விழுகிற பாரத்தை முஷ்டியில் ஏற்று என்பது அவருடைய பாடம். உலகச் சாம்பியனாக இருந்தவருக்கும் நம் கைவண்டிக்காரருக்கும் ஒரே பாடம்தான்!

அப்படியானால் உடல்வாகுக்கு வேலையே இல்லையா? உண்டு. எடை ஒன்று. அது இல்லாவிட்டால் எடை வாரியாகப் பிரிவு வைத்துச் சண்டை விட வேண்டிய அவசியமே இராது. தசையின் ஜாதி மற்றொன்று. சிலருடைய தசைநார்கள் வெடி வைத்தாற்போல் சட்டென்று சுருங்கும், சிலருடையவை நிதானமாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும். இது பெரும்பாலும் பிறவியில் வருவது. பயிற்சியால் ஓரளவுதான் மாற்ற முடியும். கை நீளமும் முஷ்டியின் அளவும் மணிக்கட்டு எலும்பின் உறுதியும் கணக்கில் சேரும். சன்னி லிஸ்டனின் கைவீச்சு 84 அங்குலம். ஆறடி ஓரங்குல உயரத்தில் தென்னங்கீற்று போல ஒல்லியாக இருந்த தாமஸ் ஹெர்ன்ஸ், 67 கிலோ பிரிவில் எதிரிகளைப் படுக்க வைத்தார். நீண்ட கை சாட்டை போல வந்து விழும்.

ஆனால் இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறதே! ராக்கி மார்சியானோவின் கைவீச்சு சுமார் 68 அங்குலம்தான். ஹெவிவெயிட் சாம்பியன்களில் அவ்வளவு குட்டைக்கை அபூர்வம். எடையும் 85 கிலோவைச் சுற்றித்தான். அவர் ஆடியது 49 சண்டை, ஜெயித்ததும் 49. அதில் 43 தடவை எதிரி முடிவு வரை நிற்கவில்லை. 1986-ல் இருபதே வயதில் பட்டம் வென்ற மைக் டைசனும் அந்தப் பிரிவுக்குக் குள்ளம்தான். குட்டையானவன் முட்டியை மடக்கிக் கீழே இறங்கி, எதிரியின் மார்புக்குள் புகுந்து, கீழிருந்து மேலே எழும்பிக் குத்துகிறான். எழும்பும் தொடையே அவனுக்குப் பீரங்கி. உடம்பு எப்படி வாய்த்ததோ அதற்கேற்ற வித்தையைப் பிடித்துக்கொண்டவன் பிழைத்தான்.

வித்தை என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முஷ்டியை ஆரம்பம் முதலே இறுக்கிப் பிடித்துக் கொண்டு குத்துகிறவனின் குத்து மெதுவாகத்தான் போகும். தேர்ந்தவன் கையைத் தளர விட்டு வீசுகிறான். படுகிற அந்தக் கணத்தில் மட்டும் முஷ்டியிலிருந்து தோள் வரைக்கும் ஒரே கட்டையாக இறுக்குகிறான். கனத்த புஜம் இங்கே சில சமயம் இடைஞ்சலாகவும் ஆகிவிடுகிறது. அதிலும் புஜத்தின் முன்பக்கத் தசை கையை மடக்குவதற்கானது. நேர்க் குத்துக்குக் கையை நீட்ட அல்லவா வேண்டும்? கண்ணாடி முன் நின்று ரசிப்பதற்குத்தான் அது அதிகம் பயன்படுகிறது.

எங்கே படுகிறது, எப்போது படுகிறது என்பது எல்லாவற்றிலும் பெரிது. கன்னியாகுமரிப் பக்கத்து வாசகர்களுக்கு அடிமுறையும் வர்மமும் புதிதல்ல. எவ்வளவு பலமாக அடித்தான் என்பதைவிட எந்த இடத்தில் அடித்தான் என்று கேட்பதுதான் அந்த ஆசான்களின் வழக்கம். மேல்நாட்டுக் குத்துச்சண்டையில் அந்த இடம் தாடை. தாடையின் நுனியில் பக்கவாட்டில் பட்டால் தலை சட்டென்று திரும்புகிறது. மண்டை ஓடு திரும்பிய வேகத்தில் உள்ளே இருக்கும் மூளை திரும்ப முடியாமல் திணறுகிறது. ஆள் விழுந்துவிடுகிறான். வருகிற குத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் கழுத்து இறுகித் தலையைக் காப்பாற்றும். பார்க்காத குத்துதான் ஆளை வீழ்த்தும். எதிரி முன்னால் வந்துகொண்டிருக்கும்போது குத்தினால் அவனுடைய வேகமும் நம் கணக்கில் சேர்ந்துவிடும். எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் மோதினால் சேதம் எப்படி இருக்கும் என்பது ரயில்வேக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை பலமும் போய்ச் சேருகிற இடம் இன்னொரு மனிதனின் தலை. இங்கிலாந்தின் ஹெவிவெயிட் வீரர் பிராங்க் புருனோவின் குத்தை அந்நாட்டு மருத்துவ சஞ்சிகை ஒன்றில் 1985-ல் அளந்து எழுதினார்கள். புறப்பட்டுப் பத்தில் ஒரு விநாடிக்குள் முஷ்டி அரை மீட்டர் தூரம் போய்விட்டது. மோதும்போது வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். ஆறு கிலோ எடையுள்ள, துணி சுற்றிய கொட்டாப்புளியை அதே வேகத்தில் தலையில் இறக்கியதற்குச் சமம் என்றார்கள். மெத்தை வைத்த கையுறை போட்டிருக்கிறார்களே என்று சமாதானம் சொல்லுவோர் உண்டு. அந்த மெத்தை முக்கியமாக அடிக்கிறவனின் விரல் எலும்பைத்தான் காப்பாற்றுகிறது. கை வலிக்காததால் அவன் மேலும் மேலும் தலையிலே அடிக்கிறான்.

1980-ம் ஆண்டில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியும் ஜிம்மி எல்லிஸும் காட்சிப் போட்டி ஆடினார்கள். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். இருவரும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்துக்காரர்கள், பால்ய காலத்துத் தோழர்கள், இருவரும் ஹெவிவெயிட் பட்டம் வைத்திருந்தவர்கள். அந்தக் காட்சிக்குப் பிறகும் அலி விடவில்லை. அதே ஆண்டு லாரி ஹோம்ஸிடமும் 1981-ல் டிரெவர் பெர்பிக்கிடமும் அடி வாங்கித் தோற்றார். 1984-ல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அடிகளே காரணமா என்பதில் மருத்துவர்களிடையே வேற்றுமை இருக்கலாம். ஆனால் அந்த வாயாடி மனிதர் பேச முடியாமல் நடுங்கியதை உலகமே பார்த்தது. 2016-ல் மறைந்தார். எல்லிஸின் கதை இன்னும் பரிதாபம். ஞாபகசக்தி முற்றிலும் அழிந்து, 2014-ல் இறந்தார். சென்னையில் கூடிய கூட்டம் கைதட்டிப் பார்த்த இரண்டு பேருக்கும் இந்தக் கதிதான். நியூஜெர்ஸியில் மார்ட்லண்ட் என்ற மருத்துவர், குடிக்காமலே தள்ளாடும் பழைய குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி 1928-லேயே எழுதி எச்சரித்துவிட்டார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இதற்காகக் குத்துச்சண்டையை மூட்டை கட்டி வை என்று நான் சொல்ல வரவில்லை. ஏழைப் பையனுக்கும் பெண்ணுக்கும் இது ஒரு ஏணி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் சேர்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். கண்ணூரைச் சேர்ந்த கே. சி. லேகா 2006-ல் டெல்லியில் 75 கிலோ பிரிவில் உலகச் சாம்பியன் ஆனபோது கேரளமே பெருமைப்பட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த ஏணியில் ஏறுவதற்கு ஆளை வீழ்த்தும் குத்து அவசியமே இல்லை. அமெச்சூர் போட்டி மூன்று ரவுண்டு. சுத்தமாக விழும் குத்தையும் ஆட்டத்தின் நேர்த்தியையும் பார்த்துத்தான் நடுவர்கள் புள்ளி போடுகிறார்கள். ஆகவே பையனைப் பயிற்சிக்குச் சேர்க்கும் தகப்பனார், "எங்கள் பையன் குத்து எப்படி ஸார்?" என்று மாஸ்டரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, "கால் நிற்கிறதா? தலையைக் காப்பாற்றுகிறானா?" என்று கேட்க வேண்டும். முதல் சில மாதம் காலடியும் தடுப்பும் மட்டும் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டரைச் சோம்பேறி என்று நினைத்து வேறு இடம் தேடுகிறார்கள். அவர்தான் நல்ல மாஸ்டர்.

மற்றொன்று. போட்டியில் தலையில் அடிபட்டு விழுந்தவனைக் குறைந்தது 30 நாள் மேடை ஏற்றக்கூடாது என்பது சர்வதேச அமெச்சூர் விதி. மூன்று மாதத்தில் இரண்டு தடவை விழுந்தால் 90 நாள். இது போட்டிக்கு. பயிற்சியின்போது விழுகிறவனுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? பெரும்பாலான அடி விழுவது அங்கேதான். முகத்தில் தண்ணீர் அடித்து, "எழுந்திருடா, ஆம்பளைதானே" என்று மறுபடியும் நிறுத்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இடம் எது என்பது இங்கே வேண்டாம். எங்கள் பார்சல் ஆபீஸில் ஒரு பலாப்பழக் கூடை நசுங்கினால்கூட ரிஜிஸ்தரில் தேதி, நேரம், சேத விவரம் ஏறாமல் விடமாட்டோம். பயிற்சிக்கூடம் ஒவ்வொன்றும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, எந்தப் பையனுக்கு என்றைக்குத் தலையில் பலமான அடி பட்டது, எத்தனை நாள் ஓய்வு கொடுத்தார்கள் என்று எழுதி வைத்துப் பெற்றோரிடம் மாதம் ஒரு கையெழுத்து வாங்கட்டும். விளையாட்டுக் கவுன்சில்கள் அந்த நோட்டைப் பார்த்த பிறகே பையனைப் போட்டிக்கு அனுமதிக்கட்டும்.